குட்டையில் கிடந்த மஞ்சள் குச்சி

அத்தியாயம் 7

"இதுவா குட்டை?" என்றான் வெண்டல். "எங்க வீட்டு நாய் ஒண்ணுக்குப் போனாலே இதைவிடப் பெரிசா நிக்கும், பாஸ்."

"அதுல முட்டை மிதந்திருந்தா உன் வீட்டையும் பூட்டியிருப்பாங்க" என்றாள் லோர்னா பீஸ்லி.

இரண்டு குளியல் தொட்டிகளை ஒட்டி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். பனி உருகி மே மாதத்தில் நிற்கும். ஜூலையில் அங்கே பூட்ஸின் அடிகூட நனையாது. இந்தத் தண்ணீரைக் காட்டித்தான் பிக்கரல் ஏரி ஊரின் நிலப் பாதுகாப்புக் குழு, ஓடில் பெல்ஃப்ளரின் அரை ஏக்கரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று கடிதம் அனுப்பியிருந்தது.

ஓடிலுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஏரிக்கரையில் வாங்கிய நிலம் இது. அவளது சக்கர வீடான டிரெய்லர் நிற்கும் பார்க்கை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். வீடு கட்ட பர்மிட் கிடைத்தால், கட்டி முடியும்வரை டிரெய்லரை இங்கேயே இழுத்து வந்து நிறுத்திக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் நிறுத்த ஓர் இடம் இல்லை. குழுவின் கடைசி விசாரணை இன்று மாலை நான்கு மணிக்கு. இப்போது மணி பத்து.

"அந்தக் கடிதத்தை எனக்காக இன்னொரு தடவை படிங்க ஓடில்" என்றாள் லோர்னா.

ஓடில் மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினாள். "'மேற்படி குட்டையில் பல்லி போன்ற நீர்நில உயிரியான புள்ளிச் சலமாண்டரின் முட்டைத்திரள் காணப்பட்டதால், இது இனப்பெருக்கக் குட்டை என்று அறிவிக்கப்படுகிறது. குட்டையைச் சுற்றி நூறடிக்குள் எந்தக் கட்டுமானமும் கூடாது.' நூறடி தாண்டினா என் நிலமே இல்ல லோர்னா. அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் ரோடு."

"ஏரிக்குள்ள கட்டலாமே. சலமாண்டருக்கு நீச்சல் தெரியும், உங்களுக்கும் பழகிடும்" என்றான் வெண்டல்.

"நீ சும்மா இரு. மேல படிங்க."

"'உரிமையாளர் நிலத்தை அனுபவிக்க ஏதுவாக ஒரு மரபெஞ்சும், பறவைகளுக்கு ஒரு தீனிக்கூண்டும் வைத்துக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது.'"

வெண்டல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "என்ன பெருந்தன்மை! பெஞ்சுல படுத்துக்கலாம், கூண்டுல சாப்பிடலாம். ஜனவரியில மைனஸ் இருபதுல செத்துப்போனா புதைக்கத் தனியா பர்மிட் கேக்கணும்."

"பெருந்தன்மை ஒண்ணும் இல்ல. வக்கீல் புத்தி" என்றாள் லோர்னா. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் அவள் இருபது வருடம் மாவட்டப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தவள். பெரிய மனிதர்களின் கையெழுத்துகளுக்குக் கீழே என்ன ஒளிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "அந்த அரசியல் சட்டப் புத்தகம் உன் லாரியில இருக்கில்ல?"

"ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துல சும்மா குடுத்தாங்களே, அதுவா? இருக்கு. காபி கப்புக்கு அடியில."

"அதுல ஒரு வரி. பொது உபயோகத்துக்குன்னு ஒருத்தன் சொத்தை எடுத்தா நியாயமான ஈடு குடுத்தாகணும். எடுத்தாதானே, நாங்க எடுக்கலையே, தடை மட்டும்தானே போட்டோம்னு இவங்க சொல்லுவாங்க. எதுக்குமே உதவாதபடி தடை போட்டா அதுவும் எடுத்த மாதிரிதான்னு கோர்ட் எப்பவோ சொல்லிட்டுது. அதனாலதான் பெஞ்ச். பாருங்க எசமான், முழுசா எடுக்கலை, உக்காரவாவது விட்டிருக்கோம்னு கோர்ட்ல போய் நீட்டி முழக்கலாம்."

"கோர்ட்டுக்கெல்லாம் நான் எங்க போக?" என்றாள் ஓடில். "கேஸ் முடிய நாலு வருஷம்னு சொல்றாங்க. எனக்கு இருக்கிறது பத்தொன்பது நாள். அதான் உங்களைக் கூப்பிட்டேன். கடைசிப் பாராவைப் படிக்கவா? அதைப் படிச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது."

"படிங்க."

"'மாற்றாக, உரிமையாளர் தமது நிலத்தில் எந்த மரமும் ஆறடிக்கு மேல் வளராமல் என்றென்றைக்கும் வெட்டி வருவதாகப் பத்திரம் பதிந்து கொடுத்தால், ரோட்டோரத்தில் ஒற்றை அறைக் குடில் ஒன்றுக்கு அனுமதி பரிசீலிக்கப்படும்.'"

லோர்னா குட்டையை விட்டு நிமிர்ந்தாள். சுற்றிலும் பிர்ச் மரங்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. அவற்றின் நிழலில் போன வருடச் சருகுகள் ஈரமாகக் கிடந்தன.

"வெண்டல், சலமாண்டருக்கு வெயில் பிடிக்குமா?"

"நல்ல கதை. மழை பெஞ்சாத்தானே அது ரோட்டுக்கே வரும்? ஏப்ரல்ல முதல் மழைக்கு ஊரே டார்ச்சோட போய் அதுங்களை ரோடு தாண்டித் தூக்கி விடறோமே. நானே பதினாலு தூக்கினேன். ஒண்ணு என் கையில ஒண்ணுக்குப் போச்சு. வெயில் பட்டா காஞ்சு கருவாடாயிடும்."

"அப்ப சலமாண்டரைக் காப்பாத்த மரத்தை ஏன் வெட்டணும்?"

ஓடில் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"சட்டத்துல ஒரு பரீட்சை இருக்கு" என்றாள் லோர்னா. "பர்மிட்டுக்கு நிபந்தனை போடலாம். ஆனா எந்தக் கெடுதலைத் தடுக்கணும்னு சொல்றாங்களோ, நிபந்தனை அந்தக் கெடுதலோட ஒட்டணும். ஒட்டலைன்னா அதுக்குப் பேர் நிபந்தனை இல்ல, வழிப்பறி. வக்கீலுங்க இதோட நிறுத்திக்குவாங்க. நான் இன்னும் ஒரு படி போவேன். சலமாண்டரோட ஒட்டாத நிபந்தனை வேற யாரோட ஒட்டுது?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் மேட்டைப் பார்த்தார்கள். பிர்ச் கிளைகளுக்கு மேலே, சரிவின் உச்சியில், கண்ணாடிச் சுவரும் அகலமான மரத்தளமுமாக ஒரு வீடு ஏரியைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. நிலப் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஸ்டர்லிங் ஆட்வுட்டின் வீடு.

"ஆனா முட்டை இருந்ததே" என்றாள் ஓடில் தளர்ந்த குரலில். "போட்டோ இருக்கு. ஆய்வுக்கு வரலாம்னு மனுவுல நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவரே வந்து பார்த்து எடுத்தார்."

அவள் நீட்டிய நகல் கருப்பு வெள்ளை. சாம்பல் நிறத் தண்ணீரில் முஷ்டி அளவுக்கு வெளிறிய கோந்து உருண்டை. அது ஒரு மெல்லிய குச்சியைப் பற்றிக்கொண்டிருந்தது.

லோர்னா பூதக்கண்ணாடியை எடுத்தாள். முட்டையை அவள் பார்க்கவில்லை. குச்சியின் நுனியைப் பார்த்தாள்.

"சாய்வா ஒரே வெட்டு."

"மரம் அரிக்கிற பீவர் கடிச்சிருக்கும்" என்றான் வெண்டல்.

"பீவர் கடிச்சா உளியால கொத்தின மாதிரி இருக்கும். இது கத்தரி. உன் பீவர் எந்தக் கடையில கத்தரி வாங்குது?"

அவள் குட்டையைச் சுற்றி ஒரு நடை வந்தாள். பிர்ச், ஆல்டர், பெரணி. எல்லாமே கருமையான, சொரசொரத்த குச்சிகள். படத்தில் இருந்த குச்சி மட்டும் மழமழவென்று வெளிறியிருந்தது.

"இந்தக் குச்சி இங்க பிறந்ததில்ல. வா, டவுன் ஆபீஸுக்குப் போவோம். இதோட நிறம் என்னன்னு பார்க்கணும்."

*

டவுன் ஆபீஸில் ஜெரால்டின் ஒருத்திதான் எல்லாம். நாய் லைசென்ஸ், மான் வேட்டை லைசென்ஸ், கல்யாணப் பதிவு, குழு நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் அவள் கையால்தான். எல்லாவற்றுக்கும் அவள் முகம் ஒன்றுதான்.

"கலர் நகல் கிடையாது" என்றாள். "கலர் மை வீண்செலவுன்னு தலைவர் உத்தரவு."

"நகல் வேணாம் ஜெரால்டின். மூலத்தைக் கண்ணால பார்த்தாப் போதும். அது ஊர் ஆவணம், நான் ஊர்க்காரி."

"ஆவணம் பார்க்கப் படிவம் எழுதணும்."

"குடு."

"படிவம் தீர்ந்துபோச்சு."

வெண்டல் கவுண்டரில் முழங்கையை ஊன்றினான். "ஜெரால்டின், போன கிறிஸ்துமஸுக்கு உன் செப்டிக் டேங்க் நிரம்பி, விருந்தாளிங்க நடுவுல மேல வந்துச்சே. மைனஸ் பத்துல யார் வந்து உறிஞ்சினது?"

"நீதான்."

"படிவம் கேட்டேனா?"

லோர்னாவிடம் சேர்வதற்கு முன்னால் வெண்டல் செப்டிக் டேங்க் லாரி ஓட்டியவன். இந்த ஊரில் எல்லா வீட்டின் மூடியையும் திறந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான். யாரையும் மதிக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்வான்.

ஜெரால்டின் உதட்டை அசைக்காமல் கோப்பை எடுத்துக் கவுண்டரில் போட்டாள். "நான் காபி போடப் போறேன். யாரும் எதையும் பார்க்கலை."

மூலப் படம் கலரில் இருந்தது. தண்ணீர் பழுப்பு. முட்டைத்திரள் பாசி நிறம். குச்சி மஞ்சள். சாதாரண மஞ்சளும் இல்லை, பள்ளிக்கூட பஸ் மஞ்சள்.

வெண்டல் ஒரு கணம் பார்த்தான். பிறகு கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"என்னடா?"

"மூணு பக்கம், பாஸ். மூணு பக்கக் கடிதம்."

"எதுக்கு?"

"டாக்வுட் புதர். காட்டுல இருக்கிறது சிவப்புத் தண்டு. மஞ்சள் வேணும்னா நர்சரியில வாங்கித்தான் நடணும். ஊர்ல ஒரே வீட்லதான் அது உண்டு. மூணு வருஷம் முன்னாடி அந்த வீட்டு டேங்கைக் காலி பண்ணப் போனேன். என் குழாய் பட்டு மூணு கிளை ஒடிஞ்சுது. கிளைக்கு ஒரு பக்கம்னு என் முதலாளிக்கு எழுதினார். தோட்டச் சங்கத்துல பரிசு ரிப்பன் வாங்கின புதராம். அந்தக் கடிதத்தாலதான் என் வேலை போச்சு."

"யார் வீடு?"

"நீங்களே சொல்லுங்க பார்ப்போம். மேட்டு மேல ஏரியைப் பார்த்துக் கழுத்தை நீட்டிட்டு நிக்குதே, அந்த வீடு."

*

ஸ்டர்லிங் ஆட்வுட் அவர்களைத் தளத்திலேயே நிற்க வைத்துப் பேசினார். உட்காரச் சொல்லவில்லை. இடுப்பில் தோல் உறையில் ஒரு கத்தரிக்கோல் தொங்கியது. சிலர் துப்பாக்கி மாட்டுவதைப் போல அவர் செடிவெட்டும் கத்தரி மாட்டியிருந்தார்.

"மிஸ் பீஸ்லி, நிலத்தை வாங்கறது வேற, நிலத்தைப் புரிஞ்சுக்கறது வேற. மிஸஸ் பெல்ஃப்ளர் நல்லவங்கதான். நல்லா பஸ் ஓட்டினாங்க. ஆனா சிலர் ஏரியைப் பார்க்கப் பிறந்தவங்க, சிலர் ஏரிக்கரை ரோட்டுல வண்டி ஓட்டப் பிறந்தவங்க."

"உங்களுக்கும் ஏரிக்கும் நடுவுல அந்த பிர்ச் மரங்கள் கொஞ்சம் தொந்தரவா இருக்கே" என்றாள் லோர்னா.

"நான் எனக்காகப் பேசலை. இயற்கைக்காகப் பேசறேன்."

"மரம் ஆறடிக்கு மேல வளர்றதும் இயற்கைதான், சார்" என்றான் வெண்டல்.

ஆட்வுட் வெண்டலை அப்போதுதான் கவனித்ததைப் போலப் பார்த்தார். "உன்னை எங்கயோ பார்த்திருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மூடியைத் திறந்தா ஞாபகம் வந்திடும்."

லோர்னா கிராதிமேல் சாய்ந்து கீழே பார்த்தாள். தளத்துக்குக் கீழே, வீட்டை ஒட்டியே, ஓடிலின் குட்டையைப்போல் இருபது மடங்குக் குட்டை. அதன் கரை முழுக்க மஞ்சள் தண்டுகள் தீக்குச்சிகளைப் போல நின்றன. குட்டையிலிருந்து பதினைந்தடி தள்ளி ஆரஞ்சு ரிப்பன் கட்டிய முளைகள் அடித்திருந்தன.

"அங்க என்ன வருது?"

"விருந்தினர் மாளிகை. நாலு படுக்கையறை. குழு போன மாசமே பர்மிட் குடுத்தாச்சு. அந்த ஓட்டெடுப்புல நான் கலந்துக்கலை. அது என் விஷயம், அதனால எழுந்து வராந்தாவுக்குப் போயிட்டேன். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"ஓடில் விஷயத்துல எழுந்து போகலையே?"

"அது அவங்க விஷயம். நான் ஏன் போகணும்?"

"சரிதான். உங்க குட்டையில சலமாண்டர் முட்டை இல்லையா?"

"இது அலங்காரக் குட்டை. அதுங்க இங்க வர்றதே இல்ல. நானே ஆய்வு பண்ணி நானே சான்றிதழ் குடுத்தேன்."

வெண்டல் லோர்னாவின் காதருகே வந்தான். "ஓடிப்போய் ஒரு குச்சியை ஒடிச்சுட்டு வந்திடவா?"

"தொடாதே" என்று கிசுகிசுத்தாள் லோர்னா. "அவன் நிலத்துக் குச்சி அவனோடது. அவன் அனுமதி இல்லாம எடுக்க உனக்கு என்ன உரிமை? இன்னிக்கு நாம எதுக்காகச் சண்டை போடறோம்னு நினைச்சே?"

"அப்ப எப்படி?"

"கேள். வெக்கத்தை விட்டுக் கேள்."

வெண்டல் தொண்டையைச் செருமினான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். அவன் முகத்தில் வந்து உட்கார்ந்த பணிவைப் பார்த்து லோர்னாவே பயந்துபோனாள்.

"சார், ரிப்பன் வாங்கின புதர் இதுதானா? என் வீட்டுக்காரி பத்திரிகையில படம் பார்த்துட்டு நச்சரிக்கிறா. ஒரே ஒரு குச்சி கிடைச்சா நட்டுப் பார்ப்பா. எங்க வீட்ல எல்லாம் இது வருமான்னு தெரியலை..."

"வராது" என்றார் ஆட்வுட், மனம் குளிர்ந்து. "ஆனாலும் முயற்சி பண்ணட்டும்."

அவர் படியிறங்கிப் போனார். உறையிலிருந்து கத்தரியை உருவினார். ஒரு தண்டைப் பிடித்து, கண்ணை இடுக்கி, ஒரே வெட்டு. மேலே வந்து வெண்டலின் கையில் திணித்தார்.

"நுனியைப் பார். சாய்வா வெட்டணும், அப்பத்தான் மழைத்தண்ணி தங்காது. நேரா வெட்டறவன் தோட்டக்காரனே இல்ல. நான் வெட்டினதை ஊர்ல எங்க போட்டாலும் என்னுதுன்னு அடையாளம் தெரியும்."

"தெரியும் சார்" என்றான் வெண்டல் பக்தியோடு. "நல்லாவே தெரியும்."

லாரியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் லோர்னா அந்தப் படத்தின் நகலை மடியில் விரித்து, குச்சியை அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே சாய்வு.

"உனக்குக் கல்யாணமே ஆகலையே, வெண்டல்."

"அந்தாளுக்காக அஞ்சு நிமிஷம் குடும்பம் நடத்தினேன் பாஸ். அதுவே போதும்னு இருக்கு."

*

விசாரணை டவுன் ஹாலின் கீழறையில். மடக்கு நாற்காலிகள், பழைய டோனட், அதைவிடப் பழைய காபி. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஆட்வுட். இடப்பக்கம் தூண்டில் புழு விற்கும் லைல் ஹஸ்கின்ஸ். வலப்பக்கம் பின்னலை விட்டுக் கண் எடுக்காத ஓர் அம்மாள். இருவரும் ஆறு வருடமாக ஆட்வுட் கை தூக்கும்போது கை தூக்கி, இறக்கும்போது இறக்கி வந்தவர்கள். மூலையில் ஜெரால்டின் குறிப்பு எழுதினாள்.

ஓடில் பழைய பஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் லைல் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்றாம் வகுப்பில் அவள் பஸ்ஸில் வாந்தியெடுத்தவன் அவன்.

"மிஸஸ் பெல்ஃப்ளர்" என்றார் ஆட்வுட், "சீக்கிரம் முடிச்சிடலாம். பத்திரம் எழுதிக் குடுக்கறீங்களா, இல்ல பெஞ்சோட இருக்கீங்களா?"

"என் சார்பா லோர்னா பேசுவா."

லோர்னா எழுந்து, ஜெரால்டினின் கோப்பிலிருந்த கலர்ப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் மஞ்சள் குச்சியை வைத்தாள்.

"படத்துல முட்டை ஒட்டியிருக்கிற குச்சி மஞ்சள் டாக்வுட். ஓடில் நிலத்துல அது கிடையாது. ஊர்லயே ஒரு வீட்லதான் உண்டு. பக்கத்துல இருக்கிற குச்சியை இன்னிக்கு மத்தியானம் தலைவர் தன் கையாலயே வெட்டி எங்களுக்குப் பரிசாக் குடுத்தார். ரெண்டு நுனியையும் பாருங்க."

பின்னல்கார அம்மாள் ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஊசியைக் கீழே வைத்தாள். லைல் படத்தைக் கையில் எடுத்தான்.

"ஸ்டர்லிங், இது உங்க வெட்டு மாதிரியே இருக்கே."

ஆட்வுட்டின் காதுகள் சிவந்தன. ஆனால் அவர் சாதாரண ஆள் இல்லை. முப்பது வருடம் கூட்டங்களில் உட்கார்ந்தவர். மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டுப் புன்னகைத்தார்.

"என்ன சொல்ல வர்றீங்க மிஸ் பீஸ்லி? நான் முட்டையைக் கையில தூக்கிட்டுப் போய் அங்க போட்டேன்னா?"

"நான் ஒண்ணுமே சொல்லலை. குச்சி எப்படி அங்க போச்சுன்னு உங்களைத்தான் கேக்கறேன்."

"இது கூடத் தெரியாதா? மார்ச்ல நான் புதரைக் கத்தரிப்பேன். துண்டுகள் குட்டையில விழும். ஏப்ரல்ல சலமாண்டர் அதுல முட்டை வைக்கும். பனித்தண்ணி பெருகினா என் குட்டை வழிஞ்சு, ரோட்டுக்கு அடியில இருக்கிற குழாய் வழியா கீழ போகும். குச்சியும் முட்டையோட மிதந்து அங்க போய்ச் சேர்ந்திருக்கு. இயற்கை, மிஸ் பீஸ்லி, இயற்கை! துப்பறியறவங்களுக்கு எல்லாத்துலயும் திருட்டுத்தான் தெரியும்."

ஓடில் லோர்னாவின் கையைப் பிடித்தாள். "முடிஞ்சு போச்சா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இப்பத்தான் ஆரம்பம்" என்றாள் லோர்னா. பிறகு சத்தமாக, "அருமையான விளக்கம்! நான் முழுசா நம்பறேன். ஜெரால்டின், எழுதிட்டியா?"

"'என் குட்டையில் சலமாண்டர் முட்டை வைக்கும்'" என்று ஜெரால்டின் அதே முகத்தோடு படித்தாள். "'அங்கிருந்து மிதந்து கீழே போனது.' எழுதியாச்சு. மையில."

ஆட்வுட்டின் புன்னகை அப்படியே நின்றது.

"லைல்" என்றாள் லோர்னா, "ஊர் விதியை நீ படி. எழுதினது தலைவர்தான், ஆனா அவருக்கு இப்ப தொண்டை கட்டிடுச்சு."

லைல் தாளைத் தேடி எடுத்தான். "'எந்தக் குட்டையில் முட்டை இடப்படுகிறதோ அதுவே இனப்பெருக்கக் குட்டை.' அப்படின்னா... ஓடில் குட்டையில முட்டை இடலை. மிதந்து வந்திருக்கு. அப்ப அது இனப்பெருக்கக் குட்டை இல்ல. ஸ்டர்லிங்கோடதுதான்..." அவன் தாளை மெல்லக் கீழே வைத்தான். "'சுற்றி நூறடிக்குள் எந்தக் கட்டுமானமும் கூடாது.' விருந்தினர் மாளிகை பதினஞ்சடியில வருது."

"நான் சொன்னது வேற அர்த்தத்துல!" என்றார் ஆட்வுட். "அது வெறும் ஊகம். அலங்காரக் குட்டையில அதுங்க..."

"அப்ப மிதந்து போகலையா?" என்றாள் லோர்னா. "தாராளமா மாத்திக்கலாம். மிதந்து போகலைன்னா யாரோ கையால தூக்கிட்டுப் போய் வெச்சிருக்காங்க. ஒரு பொம்பளையோட நிலத்தை, தன் வீட்டுத் தளத்துல இருந்து ஏரி நல்லாத் தெரியணும்னு, ஊர் பேரைச் சொல்லிப் பிடுங்கப் பார்த்திருக்காங்க. அதை எழுத ஜெரால்டின்கிட்ட இன்னும் தாள் இருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு எதுவானாலும் சரி."

"படிவம்தான் தீர்ந்துபோச்சு" என்றாள் ஜெரால்டின். "தாள் நிறைய இருக்கு."

தோட்டச் சங்கத்தில் ரிப்பன் வாங்கியவர், ஊர் மொத்தத்துக்கும் நிழல் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து கொடுத்தவர், ஒரு கோந்து உருண்டைக்கு முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன்களுக்குக்கூட இதைவிட நல்ல முகம் இருக்கும் என்று ஓடில் பிற்பாடு சொன்னாள். அவளுக்குத் தெரியும், அவள் நிறையப் பார்த்தவள்.

கடைசியில், "மிதந்துதான் போச்சு" என்றார்.

"கேக்கலை" என்றாள் ஜெரால்டின்.

"மிதந்து போச்சு!"

லைல் தொண்டையைச் செருமினான். பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல், எதிரே நின்ற ஓடிலைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவளைப் பார்த்தால்தான் அவனுக்குத் தைரியம் வந்தது போல.

"ஸ்டர்லிங், நீங்க கொஞ்சம் வராந்தாவுக்குப் போறீங்களா?"

"என்னது?"

"இது இப்ப உங்க விஷயமாயிடுச்சு. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஸ்டர்லிங் ஆட்வுட் எழுந்தார். நாற்காலி கீச்சிட்டது. வாசலில் நின்ற வெண்டல் அவருக்குக் கதவைத் திறந்து விட்டான்.

"பார்த்துப் போங்க சார். கீழறை வராந்தா, இருட்டா இருக்கும். ஞாபகம் வந்துடுச்சா, என்னை எங்க பார்த்தீங்கன்னு?"

ஓட்டெடுப்பு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஓடிலின் வீட்டுக்கு அனுமதி, இரண்டுக்குப் பூஜ்யம். மர நிபந்தனை ரத்து. டிரெய்லரை நாளைக்கே கொண்டுவந்து நிறுத்தலாம். ஆட்வுட்டின் மாளிகை பர்மிட் ரத்து, இரண்டுக்குப் பூஜ்யம். பின்னல்கார அம்மாள் கை தூக்கிய வேகத்தில் நூற்கண்டு மேசையிலிருந்து உருண்டு போனது.

ஓடில் பர்மிட்டை இரண்டாக மடித்து ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"ஒரு சந்தேகம்" என்றாள் ஜெரால்டின், பேனாவை உயர்த்தி. "ஓடிலுக்குன்னு எழுதின பெஞ்சும் தீனிக்கூண்டும் இருக்கே. அதை அடிக்கவா?"

"அடிக்காதே" என்றாள் ஓடில். "அதைத் தலைவருக்கு மாத்திக் குடு. அவருக்கும் நிலத்தை அனுபவிக்க ஏதாவது வேணுமில்ல? முழுசா எடுத்துட்டாங்கன்னு கோர்ட்டுக்குப் போயிடப் போறார்."

லைல் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான். ஜெரால்டின் சிரிக்காமல் எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"பெஞ்ச் எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்னு போடவா? ஏரிப் பக்கமா?"

"ஏரி எங்க தெரியப் போகுது? நடுவுல என் வீடு வந்துடும்" என்றாள் ஓடில். "என் சமையலறை ஜன்னலைப் பார்த்துன்னு போடு. காலையில காபி குடிக்கும்போது கையாட்டறேன்."